மஞ்சள் சட்டையில் நம் ஊர்ப் பையன்கள்: சிஎஸ்கே வளர்க்கிறதா, வாங்குகிறதா?

அஸ்தம்பட்டிக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவருக்கும் தலா 14.20 கோடி ரூபாயைச் சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) அணி கொடுத்ததிலிருந்து எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. இந்தியாவுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத வீரருக்கு ஐபிஎல் ஏலத்தில் அதற்கு முன் எந்த அணியும் இவ்வளவு கொடுத்ததில்லை. 2025இல் பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்று, முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்த அணி, ஒருவழியாக இளைஞர்கள் பக்கம் திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவர் உத்தரப் பிரதேசத்துக்கு ஆடுபவர், மற்றவர் ராஜஸ்தானுக்கு. அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கேள்வி வேறு.

2022இல் சிஎஸ்கே தன் பயிற்சிக்கூடத்தைச் சென்னையோடு சேர்த்து நம் சேலத்திலும் தொடங்கியபோது என் அண்ணன் மகனை அதில் சேர்த்தேன். "இங்கே கற்றுக்கொண்டால் சேப்பாக்கத்தில் ஆடலாமா, சித்தப்பா?" என்று அன்றைக்கே கேட்டான். ஆடலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானா என்று இப்போது யோசிக்கிறேன்.

தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோரை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில அணிகள் மோதும் 2019-20 சையது முஷ்டாக் அலி டி20 தொடரில் 20 விக்கெட் எடுத்தவரை 20 லட்சத்துக்கு வாங்கிய சிஎஸ்கே, 2020, 2021 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. குஜராத் அணி 2022இல் அவரை 3 கோடிக்கு எடுத்தது; 2025இல் அந்த அணிக்காக 19 விக்கெட் எடுத்தார். நம் மாநில மட்டையாளர் ஜெகதீசன் 2018 முதல் மஞ்சள் சட்டையில் இருந்தும் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். அதே மாதத்தில் மாநில அணிகளின் 50 ஓவர் விஜய் ஹசாரே தொடரில் அடுத்தடுத்து ஐந்து சதங்கள் அடித்து, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன் எடுத்து உலக சாதனை படைத்தார். தமிழ்நாட்டின் அபராஜித் பல பருவங்கள் அணியோடு இருந்தும் ஒரு நாளும் களம் காணவில்லை.

இது வீரர்களை எடைபோடுவதில் நேர்ந்த பிழையா, அல்லது ஏல முறையில் எந்த அணியாலும் இதற்கு மேல் செய்ய முடியாதா? சிஎஸ்கேயை வெறுப்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குச் செல்லவும். நானும் 2008 முதல் இந்த அணியின் ரசிகன்தான்.

சூரமங்கலம் கணக்கர் எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் விதிகள் மாறிய கதையைச் சேர்த்துப் பார்க்காமல் அணி நிர்வாகத்தை மட்டும் குற்றம் சாட்டுவது முறையல்ல.

2008இல் போட்டி தொடங்கியபோது ஒவ்வோர் அணியும் தன் வட்டாரத்து வீரர்களில் நால்வரையாவது வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அது மட்டுமல்ல, சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரர்கள் அப்போது ஏலத்துக்கே வரமாட்டார்கள். நிர்ணயித்த சம்பளத்துக்கு அணிகள் அவர்களை நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சென்னை லீக்கில் தினமும் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்த பையன்களைத் தேர்ந்தெடுத்து, பொறுமையாக வைத்திருந்து, தக்க நேரத்தில் இறக்குவதற்கு அந்த ஏற்பாடு மிகவும் வசதியாக இருந்தது. அஸ்வின் அப்படித்தான் வந்தார். 2011 இறுதி ஆட்டத்தில் முரளி விஜய் 95 ரன் அடித்ததும், புதுப் பந்தை வாங்கிய அஸ்வின் பெங்களூர் அணியின் கெயிலை ரன் எடுக்கவிடாமல் அனுப்பியதும் இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. பத்ரிநாத்தையும் சேர்த்துக்கொண்டால் நம் முதல் இரண்டு கோப்பைகளில் தமிழ்நாட்டின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும்.

2014 முதல் சர்வதேச அனுபவம் இல்லாதவர்களும் ஏலத்துக்கு வந்துவிட்டார்கள். அதன் பிறகு நீங்கள் பத்து வயதிலிருந்து வளர்த்த பையனாகவே இருந்தாலும், அவன் பெயர் ஏலத்தில் வாசிக்கப்படும்போது உங்களுக்கு எந்த முன்னுரிமையும் கிடையாது. யாரிடம் பணம் மிச்சமிருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்வார். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பெரிய ஏலம் வந்து பாதி அணியைக் கலைத்துவிடுகிறது. தென்னை வைத்தவன் இளநீர் குடிப்பான் என்பதற்கு இங்கே உத்தரவாதம் இல்லை. அப்படியிருக்க, வளர்ந்து முடிந்த முப்பது வயதுக்காரரை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று 2018இல் சிஎஸ்கே முடிவெடுத்தது. ஊரே கிழவர் அணி என்று கேலி செய்தது. அந்த ஆண்டே கோப்பை வந்தது.

மேலும், வளர்க்கவே இல்லை என்பதும் உண்மையல்ல. ருதுராஜ் 2019 முழுக்க பெஞ்சில் இருந்தவர். 2021இல் 635 ரன்னோடு, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி வென்றார். பதிரனா 2022இல் காயமடைந்த மில்னுக்கு மாற்றாக வந்தவர். துஷார் தேஷ்பாண்டே 2023இல் 21 விக்கெட் எடுத்தார். இவர்களில் யாரும் தமிழ்நாட்டுக்காரர் இல்லை என்பதற்காக இவர்களை வளர்த்ததைக் கணக்கில் சேர்க்காமல் விடலாமா?

ஏற்காடு அடிவாரம் எழுதியது:

கணக்கர் ஐயா ருதுராஜை எடுத்துக்காட்டியதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். 2020 அக்டோபரில், இளைஞர்களிடம் பொறி எதையும் காணவில்லை என்ற பொருளில் தோனி பேசியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களில் அதே இளைஞர்களில் ஒருவர் தொடர்ந்து மூன்று அரைச்சதங்கள் அடித்தார். அவர்தான் ருதுராஜ். அணி வெளியேறும் நிலைக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தொடர்ந்து இடம் கிடைத்தது. ஆகவே அவரை நிர்வாகத்தின் தொலைநோக்குக்குச் சான்றாகக் காட்டுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார்கள், அவர் உள்ளே வந்துவிட்டார்.

ஏல முறையைப் பழி சொல்வதும் எல்லா இடத்திலும் நிற்காது. சாய் சுதர்சன் 2022இல் 20 லட்சத்துக்கு, அதாவது அடிப்படை விலைக்கே குஜராத்துக்குப் போனார். அப்படியென்றால் மற்ற ஒன்பது அணிகளில் யாரும் கை தூக்கவில்லை என்றுதானே பொருள்? சேப்பாக்கத்தில் வளர்ந்த பையன் அவர். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் டி20 லீக்கான டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி அவருக்கு ஐபிஎல் சம்பளத்தைவிட அதிகமாக, 21.60 லட்சம் கொடுத்தது. 2023 இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 ரன் அடித்து நம்மையே கலங்கடித்தார். 2025இல் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பியும் அவருக்குத்தான். பணமோ விதியோ இங்கே தடையாக இருக்கவில்லை. பார்வைதான் தவறியது.

ஓமலூர் இடக்கை எழுதியது:

சேலத்துக்காரர்கள் கூடிய இழையில் இவ்வளவு நேரம் நம் மாவட்டத்து வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் அண்ணன் பெயர் வரவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. வீரரை வளர்ப்பது யார் என்ற கேள்விக்கு அவருடைய வரலாற்றைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. நானும் தாரமங்கலம், ஓமலூர் பக்கத்து டென்னிஸ் பந்துப் போட்டிகளில் பதினைந்து ஆண்டுகளாக இடது கையால் வீசிக்கொண்டிருப்பவன் என்பதால் சற்று விரிவாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்.

சின்னப்பம்பட்டியில் அவர் கற்ற யார்க்கர், டென்னிஸ் பந்தில் கற்றது. டென்னிஸ் பந்துக்கு எடை குறைவு. தரையில் பட்டு எழும்பும்போது அடிக்க வசதியாக வந்துவிடும். ஆகவே எங்களுக்கெல்லாம் பாதுகாப்பான இடம் மட்டையின் அடிப்பகுதி ஒன்றுதான். ஆறு பந்தையும் அங்கேயே போடத் தெரியாதவனுக்குக் கடைசி ஓவரைத் தரமாட்டார்கள். ஆனால் தோல் பந்தின் தையலை நிமிர்த்திப் பிடிப்பது, நல்ல அளவில் வீசிப் புதுப் பந்தை வெளியே எடுப்பது, ஒரு நாளைக்கு இருபது ஓவர் வீசும் உடலைத் தயார்செய்வது ஆகியவற்றுக்கு எங்கள் பக்கத்தில் அப்போது வழியே இல்லை. அவருடைய வழிகாட்டி ஜெயபிரகாஷ் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று லீக் கிரிக்கெட்டில் நுழைத்துவிட்ட பிறகுதான் அதெல்லாம் தொடங்கியது. நான்காம் டிவிஷனில் ஆரம்பித்து முதல் டிவிஷன் அணியான ஜாலி ரோவர்ஸ் வரை வந்தார்.

2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானார். முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை ஐயத்துக்குரியது என்று புகார் எழுந்தது. பெரும்பாலோருடைய கதை அங்கேயே முடிந்திருக்கும். மாநிலச் சங்கத்தின் பயிற்சியாளர்கள் அவருடைய கையை முழுக்கத் திருத்தியமைத்தார்கள். அதற்குக் கிட்டத்தட்ட ஓராண்டு ஆனது. 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணிக்கு வீசினார், 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. 2018இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு பருவங்கள் பெஞ்சில் வைத்திருந்தது. 2020இல் இறக்கியதும் 16 விக்கெட் எடுத்தார், வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியராகத் திரும்பினார்.

இதில் நான் கவனிப்பது இரண்டு. அவரை உருவாக்கிய கடினமான வேலை, அதாவது கையைத் திருத்தியது, எந்த ஐபிஎல் அணியும் செய்ததல்ல; சங்கமும் லீக் அணிகளும் செய்தது. அடுத்தது, பெஞ்சில் இருப்பது தன்னளவில் கெடுதல் அல்ல. இரண்டு ஆண்டுகள் புவனேஷ்வர் குமார் பக்கத்தில் நின்று வீசிய பயிற்சி வீணாகவில்லை என்றே நினைக்கிறேன். சாய் கிஷோர் ஜடேஜாவின் அருகில் இருந்ததும் அப்படித்தான் இருந்திருக்கக்கூடும். அந்தப் பயிற்சிக்குக் கடைசியில் ஓர் ஆட்டம் கிடைக்கிறதா என்பதுதான் வேறுபாடு. ஹைதராபாத் கொடுத்தது, சிஎஸ்கே கொடுக்கவில்லை.

(2025இல் டெல்லி அணி அவரை 10.75 கோடிக்கு வாங்கிவிட்டுப் பெரும்பாலும் வெளியிலேயே உட்கார வைத்ததைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் மட்டுறுத்துநர் என்னை நீக்கவேண்டி வரும்.)

அஸ்தம்பட்டிக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கணக்கர் ஐயா சொன்ன விதி மாற்றத்தை நான் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓமலூர் நண்பர் சொன்னதை வைத்துக்கொண்டு 2025 பருவத்தை மறுபடி பார்த்தேன். ஏப்ரல் 30 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாபிடம் தோற்று வாய்ப்பை இழந்த பிறகு நமக்கு நான்கு ஆட்டங்கள் மிச்சமிருந்தன. தோற்றாலும் வென்றாலும் ஒன்றுதான். அந்த ஆட்டங்களை அணி வீணாக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும்: பெங்களூரில் 17 வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94 ரன் அடித்தார், கொல்கத்தாவில் அறிமுகமான உர்வில் படேல் 11 பந்தில் 31 ரன் எடுத்தார். இருவருமே பருவத்தின் நடுவில் மாற்று வீரர்களாகச் சேர்ந்தவர்கள். பருவத்தின் தொடக்கத்திலிருந்தே அணியில் இருந்த நம் தமிழ்நாட்டு மட்டையாளர் ஆந்த்ரே சித்தார்த்துக்கு அந்த நான்கில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை; நவம்பரில் விடுவித்துவிட்டார்கள். வலைப்பயிற்சியில் அவரைவிட உர்வில் நன்றாக ஆடியிருக்கலாம். ஆனால் விடுவிக்கும் முன் ஒரு முறையாவது நடு ஆடுகளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

சூரமங்கலம் கணக்கர் எழுதியது:

சாய் சுதர்சன் விஷயத்தில் ஏற்காடு நண்பரிடம் தோற்றுவிட்டேன். அடிப்படை விலைக்குப் போனவருக்கு விதியைக் காரணம் சொல்ல முடியாது. சித்தார்த் விஷயத்தில் மட்டும் இன்னும் உடன்படவில்லை. நான்கு ஆட்டங்களில் மூன்று பேரைச் சோதித்தால் யாருக்கும் முழு வாய்ப்பு கிடைக்காது. மாத்ரேக்கு எல்லா ஆட்டங்களையும் கொடுத்ததால்தான் இன்று அவரை நம்பி அணியை அமைக்க முடிகிறது.

தமிழ்நாட்டு அணியிலிருந்து 2026க்கு எஞ்சியிருப்பவர் குர்ஜப்னீத் சிங். வடக்கே பிறந்து, சென்னைக்கு வந்து, லீக் ஆடி, நம் ரஞ்சி அணிக்குள் நுழைந்த உயரமான இடக்கை வேகப்பந்து வீச்சாளர். 2.2 கோடிக்கு வாங்கப்பட்டு, காயத்தால் 2025இல் ஒரு பந்துகூட வீசாமல் வெளியேறியவர்; அவர் இடத்தில்தான் தென்னாப்பிரிக்க மட்டையாளர் பிரேவிஸ் வந்தார். இருந்தும் அவரை விடுவிக்காமல் வைத்திருக்கிறார்கள். அவருக்கு எத்தனையாவது ஆட்டத்தில் பந்து கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு இந்த இழையைத் தொடரலாம்.

ஓமலூர் இடக்கை எழுதியது:

இடக்கை என்பதால் என் வாக்கு குர்ஜப்னீத்துக்கு உண்டு. அஸ்தம்பட்டி அண்ணா, உங்கள் அண்ணன் மகன் பயிற்சிக்கூடத்தில் பயிலட்டும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். பதினாறு வயதுக்குள் சேலம் மாவட்ட அணித் தேர்வுக்கு அனுப்புங்கள், முடிந்தால் சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் அணி ஒன்றைத் தேடிப்பிடியுங்கள். கோடை விடுமுறையில் எங்கள் பக்கம் டென்னிஸ் பந்துப் போட்டி நடக்கும்போது அழைத்து வாருங்கள். கடைசி ஓவரை அவனுக்கே கொடுக்கச் சொல்கிறேன்.