கத்தி தீட்டுற கிளாம்பு செட்டு வாங்கினவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வில்லாபுரம்

எங்க தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் வந்து ஏழெட்டு மாசம் ஆச்சு. முன்னெல்லாம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி அவர் பெடலை மிதிச்சார்னா கல்லு சுத்தும், தீப்பொறி பறக்கும், தெருப் பிள்ளைக பூராம் சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கும். இப்ப ஆளைக் காணோம். வீட்டுல மூணு கத்தியும் மொன்னை. சின்ன வெங்காயத்தை அரியச் சொன்னா நசுக்குது, அதுல கண்ணுல தண்ணி ரெட்டிப்பா வருது. "கத்தி வாங்கிட்டு வாங்க, இல்லாட்டி நீங்களே வந்து அரிங்க"ன்னு வீட்டம்மா சொல்லிட்டாக.

புதுக் கத்தி வாங்குறதுக்குப் பதிலா நான் ஒரு கிளாம்பு செட்டு வாங்கினேன். பார்க்காதவங்களுக்காக: ரெண்டு அலுமினியத் தகடு கத்தி முதுகைக் கவ்விப் பிடிக்கும், ரெண்டு திருகு போட்டு இறுக்கணும். பிடியோட ரெண்டு ஓரத்துலயும் தகடு மேல நிமிர்ந்து நிக்கும், அதுல வரிசையா ஓட்டை. 17, 20, 25, 30ன்னு டிகிரி போட்டிருக்கும். கல்லு ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பி மாட்டி, கம்பியை ஓட்டையில விட்டு, கல்லைக் கத்தி வாயில வச்சு முன்னுக்குத் தள்ளணும். கை எப்படி ஆடினாலும் கோணம் மாறாதுங்கிறதுதான் இதோட சூட்சுமம். அமெரிக்காவுல லான்ஸ்கிங்கிற கம்பெனி 1979லருந்து இந்த மாதிரி செட்டு விக்கிறாங்க. என்னுது அதைப் பார்த்துச் செஞ்ச பேரில்லாத சரக்கு. கல்லு நாலு: 120, 320, 600, 1500. நம்பர் ஏற ஏறக் கல்லு நைஸு.

முத நாள் முக்கால் மணி நேரம் தீட்டினேன். தீட்டி முடிச்சுத் தக்காளியில வச்சா, தோலு மேல வழுக்கிக்கிட்டுப் போகுது. கடுப்பாகி ரெண்டு நாள் தொடவே இல்ல. அப்புறம் ஒருத்தர் சொன்ன யோசனைப்படி கத்தி வாய் நெடுகக் கறுப்பு மார்க்கரைத் தடவிட்டு நாலே நாலு தேய் தேய்ச்சுப் பார்த்தேன். விஷயம் அப்பத்தான் தெரிஞ்சுச்சு. மை, வாயிலருந்து ரெண்டு மில்லி தள்ளி மேல்பக்கம்தான் அழிஞ்சிருக்கு, வாய்ல மை அப்படியே இருக்கு. முக்கால் மணி நேரமும் நான் கத்தியோட கன்னத்தைத்தான் தேய்ச்சிருக்கேன்! 17 ஓட்டையிலருந்து 25க்கு மாத்தினேன். மை முழுசா அழிஞ்சுச்சு.

இதுல ரத்தக்காவும் கொடுத்தாச்சு. வேகமாத் தள்ளினப்போ கல்லு வாயைத் தாண்டி அங்கிட்டுப் போயிருச்சு, பின்னாடியே பெருவிரலும் போயிருச்சு. கல்லுப் பிடியைச் சுத்தி ஒரு சின்ன அட்டைத் தட்டு மாதிரி மாட்டிக்கிட்டா விரலு தப்பிக்கும். இப்பத்தான் மாட்டியிருக்கேன்.

உங்களுக்கு எப்படின்னு சொல்லுங்க.

திருநகர்

அண்ணே, நானும் ஒண்ணு வச்சிருக்கேன். வீட்டுலருந்து விசேஷங்களுக்குச் சமைச்சுக் கொடுக்கிறேன், ஒரு நாளைக்கு அஞ்சு கிலோ காய் அரியணும். எண்ணெய் விஷயத்துல நான் மாட்டினதைச் சொல்றேன். கல்லுக்கு எண்ணெய் விடணும்னு போட்டிருந்துச்சு. வீட்டுல எது இருக்கும்? தேங்கா எண்ணெய். விட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு. மார்கழி மாசம் விடிகாலையில ஒரு ஆர்டருக்காகக் கல்லை எடுத்தா, மேல பூராம் வெள்ளை வெளேர்னு உறைஞ்சு கிடக்கு. வழிச்சு எடுத்துட்டுத் தேய்ச்சாலும் கல்லு இரும்பைக் கடிக்கல. உறைஞ்ச எண்ணெயோட இரும்புத் தூளும் சேர்ந்து கல்லுக் கண்ணையெல்லாம் அடைச்சுப்போச்சு. பாத்திரம் தேய்க்கிற சோப்புத்தண்ணி வெந்நீர்ல கலந்து, பழைய டூத் பிரஷ் வச்சுத் தேய்ச்சுத்தான் மீட்டேன். இப்ப தையல் மெஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு.

அவசரத்துக்கு நான் கிளாம்பைத் தேடுறதே இல்ல. பீங்கான் கப்பைக் கவுத்துப் போட்டா, அடியில பளபளப்பில்லாம சொரசொரன்னு ஒரு வளையம் இருக்கும். அதுல நாலு இழுப்பு இழுத்தா அன்னைக்குப் பொழுது ஓடிரும். கிளாம்பு மாசத்துக்கு ஒருக்கா, பொறுமையா உக்காரும்போது.

கப்பலூர், லேத் பட்டறை

முதல் ஆளு சொன்ன மார்க்கர் சங்கதிக்குக் காரணம் என்னண்டு சொல்றேன். அந்த 17, 20ங்கிற நம்பரை அப்படியே நம்பாதீங்க. அது ஒரு குறிப்பிட்ட அகலத்துக் கத்திக்குத்தான் சரி.

கம்பி நுழையுற ஓட்டை, கத்தி மட்டத்துலருந்து 36 மி.மீ. உசரத்துல இருக்குன்னு வச்சுக்குவோம். ஓட்டைக்கும் கத்தி வாய்க்கும் 100 மி.மீ. தூரம்னா கோணம் கிட்டத்தட்ட 20 டிகிரி. அதே ஓட்டை, ஆனா அகலமான கத்தி, வாய் 130 மி.மீ. தள்ளிப் போயிருச்சுன்னா 15½ டிகிரிதான் வரும். சின்னப் பழக்கத்தி போட்டு 80 மி.மீ. ஆச்சுன்னா 24 தாண்டிரும். ஒரே ஓட்டை, மூணு கோணம். அதனால கத்தியைக் கவ்வும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே ஆழத்துல கவ்வணும். நான் கத்தி மேல ஸ்கெட்ச் பேனாவுல ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கேன்.

இன்னொண்ணு. நுனிக்குப் போகப் போகத் தூரம் கூடுதே, அப்பக் கோணம் மாறாதான்னு பட்டறைப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. வாய் நேரா இருக்கிற வரைக்கும் மாறாது. ஓட்டை ஒரு புள்ளி, வாய் ஒரு கோடு. ஒரு புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்தா ஒரே ஒரு தளம்தான் வரும், கல்லு அந்தத் தளத்துலயேதான் படுக்கும். வாய் எங்க வளையுதோ அங்கதான் வம்பு. நுனிக்கிட்ட பளபளப்புப் பட்டை அகலமாகிக்கிட்டே போகுதுன்னா, அங்க கோணம் சாய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். கிளாம்பை நுனிப் பக்கமா நகர்த்திக் கவ்வுங்க. நீளக் கத்தியா இருந்தா ரெண்டு தடவை மாத்திக் கவ்வித்தான் ஆகணும்.

விலை குறைஞ்ச செட்டுல ரெண்டு குறை பார்த்தேன். கம்பி நேரா இருக்காது; சமமான கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, தவ்வினா வளைவு. அடுத்தது கவ்வுற தகடு. முதுகு மெலிஞ்ச கத்தியை அது ஒழுங்காப் பிடிக்காது, அழுத்தினதும் கத்தி சாயும். சைக்கிள் டியூப்புல ரெண்டு துண்டு வெட்டி உள்ளுக்குள்ள வச்சேன், அசையல.

கையால தீட்டுறதுல எனக்குப் பிடிச்சது சூடு ஏறாததுதான். நம்ம பட்டறை கிரைண்டர்ல கத்தியைக் கொடுத்தா வாய்ல நீலம் பாயும். கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸ் ஏறியாச்சுன்னு அர்த்தம். அந்த இடத்துல பதம் செத்துப்போச்சு. கூர் வரும், ரெண்டே நாள்ல மடங்கிரும். மாமியார் கத்தியை நான் அப்படித்தான் காலி பண்ணேன். இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது.

கோரிப்பாளையம்

கறிக்கடை நம்மளுது. சின்னவன் ஆசையா வாங்கிக் கொடுத்தான், "அத்தா, இனிமே கல்லோட மல்லுக்கட்ட வேணாம்"னான். சரின்னு தோலு உரிக்கிற கத்தியை மாட்டி 20ல தீட்டினேன். சத்தியமாச் சொல்றேன், அப்படி ஒரு கூர் நான் கல்லுல கொண்டு வந்ததில்ல. எலும்புலருந்து கறி தானாப் பிரிஞ்சு வருது.

ஆனா ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குக் கூட்டம் நிக்கும். அப்பக் கிளாம்பைத் திருகிக்கிட்டு உக்கார முடியுமா? கையில இரும்புக் கம்பி இருக்கும், ரெண்டு தட்டு, வேலை ஓடும். கம்பி தீட்டுறதில்ல, மடங்கின வாயை நிமித்திவிடும், அம்புட்டுத்தான். கிளாம்பு திங்கக்கிழமை சாயங்காலத்துக்கு.

கொத்துற பெரிய கத்திக்கு இது ஆகவே ஆகாது. முதுகு இம்புட்டுத் தடிமன், தகடு கவ்வ மாட்டேங்குது. அதோட, எலும்பு வெட்டுற கத்திக்கு வாய் மெலிசா இருந்தா கட்டையில போடுற முத போடுலயே பல்லு விழுந்துரும். சின்னவன் ஒரு சின்ன கொத்துக்கத்தியை எப்படியோ மாட்டி 17ல தீட்டிட்டான். நெஞ்செலும்புல ஒரு போடு. அரிசி மணி அளவுக்குத் துண்டு தெறிச்சுப்போச்சு. புளியமரக் கட்டை பூராம் தேடினோம். கிடைச்சுச்சு. வாங்குனவுக பைக்குள்ள போகாம இருந்துச்சே!

மேலூர்

நான் ஹாஸ்டல்ல இருக்கிறவன், பழம் நறுக்கத்தான் கத்தி. கிளாம்பு இல்லாம, கத்தியை நடுவுல வச்சு இழுக்கிற சாதனம் வாங்கினேன். கூர் வருது. ஆனா இழுக்க இழுக்க இரும்பைச் சொரண்டிக் கத்தி தேயுது. ஆறு மாசத்துல வாய் ரம்பம் மாதிரி ஆகிருச்சு. உங்க எல்லாரையும் படிச்ச பிறகு கிளாம்பு வாங்கலாம்னு இருக்கேன். 1500 கல்லு அவசியமா?

கப்பலூர், லேத் பட்டறை

தம்பி, பழம் நறுக்க 600 போதும். தக்காளித் தோலுக்கு அந்த லேசான சொரசொரப்புத்தான் நல்லது, ரொம்ப வழவழன்னு ஆனா வழுக்கும். கல்லு நம்பரை விட முக்கியம் பிசிறு. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் வாய் ஓரமா, மயிரிழை மாதிரி ஒண்ணு மடிஞ்சு நிக்கும். வாயிலருந்து வெளிப்பக்கமா விரலைத் தடவு (வாய் நெடுகத் தடவிராத, விரலு போயிரும்). நகத்துல சிக்குச்சுன்னா வந்திருச்சு. பிடியிலருந்து நுனி வரைக்கும் பிசிறு வந்த பிறகுதான் கத்தியைத் திருப்பணும். பாதியில திருப்பினா எத்தனை கல்லு மாத்தினாலும் பிரயோசனம் இல்ல.

உசிலம்பட்டி

எங்க வீட்டுல இருக்கிறது திருப்பாச்சேத்தி அருவா. வளைஞ்சது, முதுகு தடிமன், அதைப் போயி எந்தக் கிளாம்புல மாட்ட? கறிக்கடைக்காரர் சொன்னதுதான்.

தாத்தா ஒரு தீட்டுக்கட்டை வச்சிருந்தார். கை நீளத்துக்கு ஒரு மரப்பலகை, நடுவுல தேய்ஞ்சு தேய்ஞ்சு குழிஞ்சிருக்கும். காட்டுல வெள்ளையாக் கிடக்கிற வெங்கச்சங்கல்லைப் பொறுக்கிட்டு வந்து, நுணுக்கி, துணியில சலிச்சு, அந்தப் பொடியைக் கட்டை மேல தூவி அருவாளைப் போட்டு இழுப்பார். சர்ருன்னு ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டாலே வெள்ளாடு எந்திரிச்சு நிக்கும், தழை வெட்டக் கிளம்புறார்னு அதுக்குத் தெரியும். இழுக்கும்போது வாய் முன்னால போகாது, முதுகு முன்னால போகும். உங்க 1500 கல்லு செய்யுற வேலையை அந்தப் பொடி செஞ்சுச்சு. கோணத்தை அவர் மணிக்கட்டு பார்த்துக்கிச்சு. எனக்கு அந்த மணிக்கட்டு வரல. சின்னக் கத்திக்குக் கிளாம்புதான் வச்சிருக்கேன், வெக்கம் ஒண்ணும் இல்ல.

வில்லாபுரம்

எல்லாருக்கும் நன்றி. டியூப் துண்டு வச்சேன், இப்பச் சாயல. நேத்து ஒரு விஷயம் நடந்துச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாம இங்க பேசிக்கிட்டு இருந்தது அவர் காதுல விழுந்துச்சோ என்னமோ, சாணைக்காரர் வந்துட்டார்! கால்ல அடிபட்டுப் பெடல் மிதிக்க முடியாமக் கிடந்தாராம். நான் திண்ணையில கிளாம்போட உக்காந்திருக்கேன். எனக்குக் கூச்சமாப் போச்சு, மறைக்கவும் முடியல. "என்னய்யா அது, காட்டுங்க"ன்னு வாங்கிப் பார்த்தார். கம்பியை ஓட்டையில விட்டு ரெண்டு தள்ளு தள்ளினார். "கோணத்தை இது பிடிச்சுக்கிருது, அப்பக் கை சும்மாதான இருக்கு? நீங்க ஏன் இந்த அமுக்கு அமுக்குறீங்க?"ன்னார்.

கத்தியை வாங்கி வெயில்ல வாயை நேராத் தூக்கிப் பிடிச்சுக் காட்டினார். நடுவுல ரெண்டு இடத்துல ஊசிமுனை அளவுக்கு மினுமினுன்னு வெளிச்சம். "கூர் இருக்கிற இடம் மின்னாது. மின்னுற இடம் இன்னும் மொன்னை." முப்பது நாள் தேய்ச்சவன் நான், அதைப் பார்த்ததே இல்ல. அந்த இடத்துல 600 கல்லை வச்சு, கல்லோட எடைக்கு மட்டும் விட்டு, பதினஞ்சு இருபது தடவை ஓட்டினார். பிசிறு எடுக்கத் தன்னோட பழைய தோல் பெல்ட்டைக் கழட்டி, வாயைப் பின்னுக்கு வச்சு அங்கிட்டு நாலு இங்கிட்டு நாலு. தினத்தாளைத் தொங்கவிட்டு மேலருந்து இறக்கினார், சத்தமே இல்லாம ரெண்டாச்சு.

கூலி கேட்டதுக்கு, "கல்லு உங்களுது, கத்தி உங்களுது, எதுக்குக் காசு?"ன்னுட்டார். வீட்டம்மா விடல. உள்ள போயி அவுக அம்மா வீட்டு அருவாமனையைத் தூக்கிட்டு வந்துட்டாக. அது கட்டையில நட்டு நிக்குது, எந்தக் கிளாம்புக்கும் சிக்காது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, வலிக்காத காலால மிதிச்சுச் சாணை பிடிச்சார். நாலு சுத்துக்கு ஒருக்கா ஈரத்துணியை வச்சு ஒத்தி எடுத்தார். பட்டறைக்காரர் சொன்ன நீலம் எங்கயாச்சும் பாய்ஞ்சிருக்கான்னு உத்துப் பார்த்தேன், பாயல. அதுக்கு எம்பது ரூவா வாங்கிக்கிட்டார்.

உசிலம்பட்டிக்காரரே, அந்தத் தீட்டுக்கட்டைக்கு என்ன மரம்னு வீட்டுல கேட்டுச் சொல்லுங்க. வெங்கச்சங்கல்லு நாகமலைப் பக்கம் போறப்போ நானே பொறுக்கிக்கிறேன்.