அம்மாவுக்குக் கண்ணீர்ப் பையில் அடைப்பு: புது வழி திறப்பதா, பையையே எடுத்துவிடுவதா?

மகிழம்பூ எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு வயது 74. இடது கண்ணில் பல வருடங்களாக நீர் வடிகிறது. கைக்குட்டை இல்லாமல் உட்காரவே மாட்டார். காலையில் எழுந்தால் இமை பீளையில் ஒட்டியிருக்கும். இப்போது இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதால் அறுவைக்கு ஏற்பாடு செய்தோம். அதற்கு முன் கண்ணீர்ப் பாதையைச் சோதித்தார்கள். முனை மழுங்கிய ஊசியை இமையோரத் துளையில் வைத்து உப்புநீர் செலுத்தும் சோதனைதான். வலது பக்கம் செலுத்தியபோது தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றார் அம்மா. இடது பக்கம் கீழ்த்துளையில் விட்ட நீர் மேல்துளை வழியாகச் சீழோடு திரும்பி வந்தது. புரை அறுவையை அப்போதே தள்ளிவைத்துவிட்டார்கள்.

ஒரு மருத்துவர் டி.சி.ஆர். செய்து மூக்குக்குள் புது வழி திறக்கலாம் என்கிறார். இன்னொருவர், இந்த வயதில் அவ்வளவு வேண்டாம், டி.சி.டி. செய்து பையையே எடுத்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார். தம்பியோ முகத்தில் கத்தியே வைக்கவேண்டாம், சொட்டு மருந்து போதும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். "எனக்கு மறுபடி எழுத்து தெரியணும், அதுக்கு எது வேணுமோ செய்யுங்க" என்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள், எது சரி?

அரங்குச் செவிலி எழுதியது:

அம்மா, நான் கண் அறுவை அரங்கில் பல வருடம் வேலை பார்த்தவள். இமை, கண்ணீர்ப் பாதை, கண்குழி அறுவைகள்தான் எங்கள் பிரிவு. மருத்துவர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் தம்பிக்கு. சொட்டு மருந்து விட்டால் பீளை குறையும், நிறுத்தினால் திரும்பும். பைக்குக் கீழே மூக்குக்கு இறங்கும் நாளம் அடைபட்டிருக்கிறது, மேலேயிருந்து வரும் கண்ணீர் பையில் தேங்கிக் கிருமி வளர்கிறது. மருந்து அந்த அடைப்பைத் திறக்காது. இந்த நிலையில் புரை அறுவை செய்தால் பையிலிருக்கும் கிருமி கண்ணுக்குள் போய்விடலாம். கண்ணுக்குள் சீழ் பிடித்தால் பார்வையே போகும். அதனால்தான் தள்ளிவைத்தார்கள். அப்படித் தள்ளிவைத்த மருத்துவரை நம்பலாம் என்பது என் எண்ணம்.

அடுத்து உங்கள் கேள்வி. டி.சி.ஆர். என்றால் பைக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள மெல்லிய எலும்பில் திறப்பு செய்து, பையின் சுவரை மூக்கின் உள்சவ்வோடு சேர்ப்பது. அடைபட்ட நாளத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலேயே கண்ணீர் மூக்குக்குள் போய்விடும். புதிதாக வந்த சிகிச்சை இல்லை. இத்தாலியைச் சேர்ந்த டோட்டி என்பவர் 1904-இலேயே இதை விவரித்திருக்கிறார். தோல் வழியாகவும் செய்யலாம், மூக்கு வழியாக எண்டோஸ்கோப் வைத்தும் செய்யலாம். இரண்டாவதில் வெளியே தழும்பு இராது. நாசி நடுச்சுவர் வளைந்திருந்தால் அதையும் முதலில் பார்க்கவேண்டி வரும்.

டி.சி.டி.யில் பையை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். சீழுக்கு இடம் இல்லை, அதனால் புரை அறுவைக்குத் தடை நீங்கும். நேரமும் குறைவு, இரத்தப்போக்கும் குறைவு. ஆனால் கண்ணீருக்கு வழி இல்லாமல் போகிறது, நீர் வடிதல் இருந்துகொண்டே இருக்கும். வறண்ட கண் உள்ள முதியவர்களுக்குக் கண்ணீரே குறைவாகச் சுரப்பதால் அது பெரிதாகத் தெரியாது. உடல் மிகவும் தளர்ந்தவர்களுக்கும் இது நல்ல தேர்வுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் 74 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பையை எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். நடந்து, பேசி, படிக்க ஆசைப்படுகிற பெண்மணி. புரை எடுத்த பிறகும் கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தானே படிக்கவேண்டும்? கண்ணீர் சுரப்பு எவ்வளவு, கீழ் இமை தளர்ந்து வெளியே திரும்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இமை தளர்ந்திருந்தால் வழி திறந்தாலும் கண்ணீர் துளைக்குள் போகாது, இமையையும் இறுக்கித் தைக்கவேண்டி வரும்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவே கூடாது. இதய மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். மூக்கின் சவ்வு இரத்தம் மிகுந்த இடம், அதனால் அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகுதான் தேதி வாங்கவேண்டும்.

ஒன்று கேட்க மறந்துவிடாதீர்கள்: நீரோடு எப்போதாவது இரத்தம் கலந்து வந்ததா? உள்மூலைக்கு மேலே கட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் எதையும் செய்யக்கூடாது. அரிதாகப் பையிலேயே கட்டி வளரும்.

கதிர் எழுதியது:

எனக்கு டி.சி.ஆர். நடந்தது, தோல் வழியாக, மரப்பு ஊசி போட்டு. செவிலி அம்மா சொல்லாத பக்கத்தைச் சொல்கிறேன். வலி தெரியவில்லை, ஆனால் எலும்பை நறுக்கும் சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும். முன்கூட்டியே தெரிந்தால் பயம் இருக்காது, அம்மாவிடம் சொல்லிவையுங்கள். தொண்டையில் கொஞ்சம் இரத்தம் இறங்கும், விழுங்காமல் துப்பச் சொன்னார்கள். மூக்கில் துணி அடைத்திருப்பதால் அன்று இரவு வாயால்தான் மூச்சு. எனக்கு அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பிறகு கண் மூலையில் மெல்லிய சிலிகான் குழாய் ஒரு வளையமாகத் தெரியும், சில வாரம் கழித்து எடுத்தார்கள். குழாயைத் தேய்த்து இழுத்துவிடக் கூடாது. மூக்கைச் சிந்தவும் கூடாது. ஆறிய பிறகு ஒருமுறை சிந்தினேன், கண் மூலையில் புஸ்ஸென்று காற்று வந்தது! பதறிப்போய்க் கேட்டால், வழி திறந்திருப்பதற்கு அடையாளம் என்று மருத்துவர் சிரித்தார். தழும்பு கண்ணாடி அணிந்தால் தெரியாது. காற்றில் வண்டி ஓட்டும்போது கண் நிறையாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பட்டவர்களுக்குத்தான் புரியும்.

பிஞ்சு எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் 5 மாதக் குழந்தைக்கும் கண்ணில் நீர், பீளை. இதே அறுவைதான் செய்வார்களா?

அரங்குச் செவிலி எழுதியது:

இல்லை தாயே, பயப்படாதீர்கள். பிறக்கும்போது நாளத்தின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானே திறந்துகொள்ளும். உள்மூலையில் விரல் நுனி வைத்துக் கீழ்நோக்கி அழுத்தி நீவ மருத்துவர் கற்றுத்தருவார். நகம் வெட்டி, கை கழுவி, தினமும் செய்யுங்கள். திறக்காவிட்டால் மெல்லிய கம்பி விட்டுத் திறப்பார்கள், எலும்பைத் தொடமாட்டார்கள். கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ, வெளிச்சம் பட்டால் குழந்தை கண்ணை இறுக மூடினாலோ அது வேறு நோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

மகிழம்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். கண்ணீர் சுரப்பு நன்றாக இருக்கிறது, இமையும் தளரவில்லை, கட்டி எதுவும் இல்லை. அதனால் டி.சி.ஆர். என்று முடிவாகிவிட்டது. மரப்பு ஊசியோடு லேசான மயக்க மருந்தும் தருவார்களாம். ஆஸ்பிரின் பற்றி இதய மருத்துவர் அவர்களோடு பேசிவிட்டார். கதிர் சொன்ன சத்தத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "கேட்டா கேக்கட்டும்" என்றார். தம்பியும் கூட வருகிறான். முதல் நாள் இரவு எதைக் கவனிக்கவேண்டும்?

அரங்குச் செவிலி எழுதியது:

தலையை உயர்த்திப் படுக்கவையுங்கள். சூடாக எதுவும் குடிக்கவேண்டாம், குனிந்து எதையும் தூக்கவேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள். மூக்கிலிருந்து இளஞ்சிவப்பாகச் சொட்டுவது சகஜம். புது இரத்தம் நிற்காமல் வந்தாலோ, கண் புடைத்துக்கொண்டு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கூட்டிப்போங்கள். மருத்துவமனையின் அவசர எண்ணைத் தம்பியின் கைபேசியிலும் பதிந்துவையுங்கள்.