பார்டர் ஊர்ல லோ பட்ஜெட் நுவார் படம்: அரசியல் ஊழலை எப்படிக் காட்டுறது?

தோப்புக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம். நாங்க நாலு பேரு சேர்ந்து எழுபது நிமிசத்துக்கு ஒரு நுவார் படம், அதாவது இருட்டும் நிழலுமா குத்தத்தையும் ஊழலையும் காட்டுற கிரைம் படம், எடுக்கலாம்னு இருக்கோம், கருப்பு வெள்ளைல. கதை என்னன்னா ரேஷன் அரிசியை சாக்கு மாத்தி பார்டர் தாண்டி அனுப்புற ஒரு கூட்டம், அதுக்குப் பின்னாடி ரெண்டு ஸ்டேட்லயும் கட்சி ஆளுங்க, அதைப் பாத்துட்ட ஒரு லோடுமேன் காணாமப் போயிடறான், அவனைத் தேடி மச்சான்காரன் கெளம்பறான். கைல இருக்கிற காசுக்கு மந்திரி பங்களா, கார் அணிவகுப்பு, மாநாடு ஒண்ணும் எடுக்க முடியாதுங்க. பெரிய எடம் எதுவும் காட்டாம இது மேல வரைக்கும் போற ஊழல்னு பாக்கறவனுக்கு எப்படி உறைக்க வைக்கறது? கருப்பு வெள்ளைன்னா பந்தான்னு சொல்லிருவாங்களோன்னும் ஒரு யோசனை. பழைய அமெரிக்கப் படத்துல எதைப் பாத்தா இதுக்கு உதவும்?

வெட்டு ஒட்டு, பொள்ளாச்சி:
தம்பி, மொதல்ல 1955ல வந்த 'தி ஃபீனிக்ஸ் சிட்டி ஸ்டோரி'யைப் பாருங்க, ஃபில் கார்ல்சன் எடுத்தது. அதுவும் பார்டர் ஊர்க் கதைதான். ஊரு அலபாமால இருக்கு, ஆத்துப் பாலத்தைத் தாண்டுனா ஜார்ஜியா ஸ்டேட்டு கொலம்பஸ், பக்கத்துலயே ஃபோர்ட் பென்னிங்னு பெரிய ராணுவ முகாம். சம்பளம் வாங்கின சிப்பாய்ங்க பாலம் தாண்டி வந்து சூதாட்டத்துலயும் சாராயத்துலயும் காசைத் தொலைப்பாங்க, போலீசு கோர்ட்டு ஓட்டுப்பெட்டி எல்லாம் கிளப்புக்காரங்க கைல. நெசமா நடந்தது இது. ஆல்பர்ட் பேட்டர்சன்னு ஒரு வக்கீல், இதையெல்லாம் ஒழிச்சுக் கட்டறேன்னு மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தோட தலைமை அரசு வக்கீல் பதவிக்கு நின்னு, கட்சிக்குள்ள நடந்த வேட்பாளர் தேர்தல்ல ஜெயிச்சாரு, 1954 ஜூன் 18 ராத்திரி ஆபீசை விட்டு எறங்கி வந்தவரை சுட்டுட்டாங்க. கேஸ்ல சிக்குனது யாரு தெரியுமா, அந்தப் பகுதிப் போலீசுத் தலைவருக்கு அடுத்த எடத்துல இருந்த சீஃப் டெபுட்டி ஷெரிஃப், அரசு வக்கீல், அப்ப பதவில இருந்த அட்டர்னி ஜெனரல். தண்டனை கெடச்சது டெபுட்டிக்கு மட்டும். அடுத்த வருசமே அதே ஊர்ல கேமராவைக் கொண்டுபோய் வச்சுப் படம் எடுத்துட்டாங்க, அந்த தைரியத்தை நெனச்சா இப்பவும் எனக்குப் புல்லரிக்குது.

உங்க கேள்விக்கு அதுல பதில் இருக்கு. அந்தப் படத்து வில்லன் டானரு தெருவுல நடந்து போற சாதாரண ஆளு, சிரிச்ச முகம், பேட்டர்சனுக்குப் பழைய சிநேகிதம், நேர்ல தேடி வந்து தன்மையாப் பேசிட்டுப் போவாரு. ஊரே அந்தக் காசுல சாப்புடுதுங்கறது புரிஞ்சுட்டா போதும், பங்களாவெல்லாம் எதுக்கு? எங்கப்பா லாரி ஓட்டினவரு, அவரு சொல்லுவாரு, ஒரு செக்போஸ்ட்ல பில்லுக்குள்ள நோட்டை மடிச்சு வச்சு நீட்டுனா மேசைக்காரரு அதைக் கையால தொடவே மாட்டாராம், ஸ்கேலால தள்ளிப் பாதி தெறந்த டிராயருக்குள்ள விழ வச்சுட்டு சீல் குத்துவாராம். இதை மட்டும் கிட்டத்துல வச்சு ஒரு நிமிசம் காட்டுங்க, அதே காசு ராத்திரி வேற ஒருத்தன் பைக்குப் போறதையும் காட்டுங்க, ஆளு மூஞ்சியே வேண்டாம்.

களியக்காவிளை காமிரா:
கருப்பு வெள்ளை பந்தாவான்னு கேட்டீங்கல்லா, தெருவுல ஒரு எல்இடி வெள்ளையா எரியும், டீக்கடைல இன்னொண்ணு மஞ்சளா எரியும், கலர்ல எடுத்தா அதைச் சரிக்கட்டவே பாதிக் காசு போயிரும், அதனால தைரியமா எடுங்க. 1945ல எட்கர் உல்மர்னு ஒருத்தரு 'டீட்டூர்' எடுத்தாரு, நியூயார்க் தெருவுக்கு செட் போடக் காசில்ல, பனிமூட்டமாப் புகையைப் போட்டு அதுக்குள்ள ரெண்டு பேரை நடக்க விட்டு முடிச்சிட்டாரு. உங்களுக்குத் தோப்பு இருக்கு, லாரி ஹெட்லைட் இருக்கு. லாரியை ஆளுக்குப் பின்னால நிறுத்தி லைட்டைப் போட்டுட்டு மண்ணுல கொஞ்சம் தூசி கிளப்பி விடுங்க, தென்னமரம் ஒவ்வொண்ணா கறுப்பாத் தெரியும், ஆளோட முகம் தெரியாது. தார் ரோடுன்னா டேங்கர் தண்ணிய ஊத்தி நனைச்சிட்டு எடுங்க.

ஒரே பயம் சவுண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடி மாசத்துல மைக்கைத் தின்னுரும். கார்த்திகை மார்கழிலயும் அங்க காத்து உண்டு, அதனால வசனத்தை வீட்டுக்குள்ளயும் வண்டிக்குள்ளயும் வச்சிட்டு வெளிய எல்லாம் சத்தமில்லாம எடுத்து அப்புறம் டப்பிங் பண்ணிக்கிடுங்க.

செங்கோட்டை அக்கா:
வெட்டு ஒட்டு அண்ணன் சொன்னது சரிதான், ஆனா அந்தப் படத்துல எனக்கு ஒட்டாத ஒண்ணு இருக்கு. முடிவுல ராணுவம் வந்துருது, பேட்டர்சனோட மகன் கேமராவைப் பாத்துப் பேசுதாரு, ஊரு திருந்திட்டுன்னு ஒரு நெறவு. நம்ம ஊருக் கதைல மேல இருந்து யாரும் வந்து காப்பாத்துறதா வச்சா நான் நம்ப மாட்டேன். அதுல கிளப்புல சீட்டுப் போடுற பொண்ணு ஒருத்தி உள்ள இருந்துக்கிட்டே சேதி கொடுப்பா, அவளைத்தான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். தம்பி, உங்க கதைல மச்சான் தேடுறதுக்குப் பதிலா லோடுமேன் பொண்டாட்டி தேடட்டும். அவ ரேஷன் கடைல எடை போடுறவளா இருந்தா எந்த மூட்டை எப்ப வந்துச்சு எப்பக் காணாமப் போச்சுங்கறது அவளுக்குத்தான் தெரியும், கணக்கு நோட்டு அவ கைல இருக்கு. போலீசுக்குப் போனா மொத கையெழுத்து அவளோடதுதான் மாட்டும், அங்க இருக்கு உங்க படம்.

இன்னொண்ணும் சொல்லுதேன். கதையை 2016 நவம்பர்ல வையுங்க. ஜிஎஸ்டி 2017 ஜூலைலதான் வந்துச்சு, அதுக்கு முந்தி வரி செக்போஸ்ட்ல லாரி வரிசை எம்புட்டு தூரம் நிக்கும்னு பார்டர்க்காரவுகளுக்குச் சொல்லணுமா. நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னுட்டாங்க, டிசம்பர் 30க்குள்ள பேங்க்ல கட்டணும். பதுக்குன காசு சாக்குசாக்கா கெடக்கு, அதை மாத்த ஏழை ஜனங்க பேங்க் கணக்கு வேணும், லோடுமேனுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அவன் காணாமப் போனதுக்கு இதைவிடக் காரணம் வேணுமா?

தோப்புக்காரன்:
அக்கா, ரொம்ப நன்றிங்க, கதையே மாறிப் போச்சு. பொண்டாட்டி வேசத்துக்கு எங்கூர்லயே நாடகத்துல நடிக்கிற ஒருத்தங்க இருக்காங்க, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாங்க, அப்படியே விட்டுடலாம்னு இருக்கேன். பழைய நோட்டுக்கு என்ன பண்றதுங்க, நெசமா கெடைக்குமா?

செங்கோட்டை அக்கா:
நெச நோட்டு பக்கமே போகாதீக தம்பி. 2017ல சட்டம் போட்டுட்டாக, செல்லாத நோட்டு பத்துக்கு மேல வச்சிருந்தாலே அபராதம். நோட்டு மாதிரி பிரிண்ட் போடவும் வேண்டாம், கள்ளநோட்டு கேஸாயிரும். வெள்ளைத்தாளை அந்த அளவுக்கு வெட்டி ரப்பர்பேண்ட் போட்டு சாக்குல அடுக்குங்க, வாயைக் கட்டிட்டு தூக்குறவன் கழுத்து நரம்பைக் காட்டுங்க. கட்சிக் கொடியும் கரை வேட்டியும் எந்தக் கட்சிக்கும் சேராத மாதிரி தைச்சுக்கோங்க, தியேட்டருக்குக் கொண்டுபோறதுன்னா சென்சார் சர்டிபிகேட் வேணும்லா.

வெட்டு ஒட்டு, பொள்ளாச்சி:
எடிட்டிங்குக்கு நான் வர்றேன் தம்பி, காசு வேண்டாம். செக்போஸ்ட்டை நெசமான எடத்துல எடுக்க அனுமதி தர மாட்டாங்க, ஒரு மேசை, ஒரு டிராயர், ரோட்டுக்குக் குறுக்க ஒரு மூங்கில் கம்பு போதும், எங்க குடோன்லயே போட்டுக்கலாம். ஸ்கிரிப்ட் முடிஞ்சதும் அனுப்புங்க.