வார்ப்பிரும்புக் கட்டடத்தின் உச்சியில் பென்ட்ஹவுஸ்: சோஹோவில் இதை அனுமதிக்கலாமா?

மெர்சர்வாசி:
நியூயார்க்கின் சோஹோ பகுதியில், மெர்சர் தெருவில் நான் நாள்தோறும் கடந்து செல்லும் ஐந்து மாடி வார்ப்பிரும்புக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் இரண்டு வாரங்களாக மரச்சட்டங்களும் ஆரஞ்சு நிற வலையும் கட்டப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் தளத்தையும், கூரைமேல் புதிதாக எழுப்பவிருக்கும், பென்ட்ஹவுஸ் எனப்படும் கண்ணாடி அறைகளையும் இணைத்து ஒரே ஆடம்பர லாஃப்ட் வீடாக விற்பதுதான் உரிமையாளரின் திட்டம். புதிய கட்டுமானம் தெருவிலிருந்து எவ்வளவு தெரியும் என்று பார்ப்பதற்காகவே அந்த வலை கட்டப்பட்டுள்ளது.

லாஃப்ட் என்றதும் நம்மில் பலருக்குச் சமையலறைப் பரண்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல் குறிப்பது, பண்டகசாலையாகவோ தொழிற்கூடமாகவோ கட்டப்பட்டு, நடுவில் சுவரே இல்லாமல் தெருமுகப்பிலிருந்து பின்பக்கம் வரை திறந்து கிடக்கும் ஒரு முழுத் தளத்தை. 1960-களில் இந்தத் தளங்கள் காலியாகத் தொடங்கியபோது, சட்டப்படி குடியிருக்க முடியாது என்று தெரிந்தே ஓவியர்களும் சிற்பிகளும் இவற்றில் குடியேறினார்கள். நியூயார்க்கின் பெரும் சாலைத் திட்டங்களை வகுத்த அதிகாரி ராபர்ட் மோசஸ் இந்தப் பகுதியின் ஊடாகப் போட நினைத்த விரைவுச்சாலையை எதிர்த்துப் போராடியவர்களில் அவர்களும் உண்டு. அந்தத் திட்டம் 1969-ல் கைவிடப்பட்டது. 1971-ல் மாநகரம், எந்தப் பகுதியில் என்ன கட்டலாம், அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் தன் மண்டல விதிகளைத் திருத்தி, கலைஞர் என்று சான்று பெற்றவர்கள் இங்கே வாழ்ந்துகொண்டே வேலை செய்யலாம் என்று ஏற்றுக்கொண்டது. 1973-ல் 26 தெருக்கட்டங்களும் ஏறத்தாழ 500 கட்டடங்களும் வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. அவர்கள் காப்பாற்றித் தந்த இடத்தின் உச்சியை, அவர்களில் ஒருவராலும் வாங்க முடியாத வீடாக மாற்றுவதை நான் எதிர்க்கிறேன். மரபுச் சின்னப் பாதுகாப்பு ஆணையத்தின் பொது விசாரணையிலும் எதிர்த்துப் பேசவிருக்கிறேன்.

கணக்காயர்:
உங்கள் வரலாற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, நண்பரே; முடிவில்தான் உண்டு. வார்ப்பிரும்பு முகப்பு கல்லைப் போல் தானாக நிற்பதன்று. அச்சில் வார்த்த தனித்தனித் துண்டுகளை மரையாணிகளால் பூட்டி, பின்னால் இருக்கும் செங்கல்லோடும் மரத்தோடும் இணைத்திருக்கிறார்கள். பூச்சு உரிந்த இடத்தில் நீர் இறங்கினால் உள்ளே துரு பருத்து, துண்டுகளை வெளியே தள்ளும். பழைய பூச்சுகளை முழுவதும் நீக்கி, உடைந்த தூண்தலைகளுக்கு மீண்டும் அச்செடுத்து, புதிதாக வார்த்துப் பூட்டுவது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. கட்டடத்தைக் கூட்டாக வைத்திருக்கும், ஐந்து குடும்பங்கள் மட்டுமே உள்ள கூட்டுறவுச் சங்கம் அந்தப் பணத்துக்கு எங்கே போகும்? கூரையை விற்கும், அல்லது கூரைமேல் கட்டும் உரிமையை விற்கும். நான் வரவு செலவு பார்த்த கட்டடங்கள் சிலவற்றில் முகப்பு மீண்டது இப்படித்தான்.

மாநகரமும் இதை அறிந்தே விதி வகுத்திருந்தது. மண்டல விதிகளின் ஒரு பிரிவின்படி, உரிமையாளர் கட்டடத்தைப் பழுதுபார்த்துத் தொடர்ந்து பராமரிப்பதாகச் சட்டப்படி உறுதி எழுதிக் கொடுத்தால், அதற்கு ஈடாகப் பயன்பாட்டு விதியிலும் அளவு விதியிலும் தளர்வு பெறலாம். அந்தப் பராமரிப்புக் கடமை கட்டடத்தை அடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். இதை நான் நேர்மையான பேரம் என்றே கருதுகிறேன்.

மெர்சர்வாசி:
பணத்துக்கு வேறு வழியே இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. ஸ்பிரிங் தெரு 101-ஆம் எண் கட்டடத்தைப் பாருங்கள். 1870-ல் கட்டப்பட்ட அந்த ஐந்து மாடிக் கட்டடத்தைச் சிற்பி டொனால்ட் ஜட் 1968-ல் 68,000 டாலருக்கு வாங்கினார். ஒவ்வொரு தளத்தையும் ஒரு வேலைக்கென்று ஒதுக்கி, பொருள்களை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் தானே முடிவு செய்து அங்கே வாழ்ந்தார். அவர் மறைவுக்குப் பின் அவர் பெயரிலான அறக்கட்டளை முகப்பு முழுவதையும் சீரமைத்து, 2013-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தது. அதன் தலையில் எந்தக் கண்ணாடிப் பெட்டியும் இல்லை.

கணக்காயர்:
அந்த அறக்கட்டளை 2006-ல் ஜட்டின் படைப்புகள் சிலவற்றை ஏலத்தில் விற்று நிதி திரட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெர்சர் தெருக் கட்டடத்தில் இருப்பவர்களிடம் விற்க அப்படி என்ன இருக்கிறது? கூரை ஒன்றுதான்.

கட்டுமானன்:
இருவரும் முகப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் நான் கூரையிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கட்டடங்களின் தளங்கள் துணிக்கட்டுகளையும் இயந்திரங்களையும் சுமப்பதற்காகக் கட்டப்பட்டவை. வூஸ்டர் தெரு 141-ல் சிற்பி வால்டர் டி மரியா 1977-ல் அமைத்த ‘மண் அறை’ என்ற கலைப்படைப்பில், 3,600 சதுர அடிப் பரப்பில் 22 அங்குல உயரத்துக்குக் கொட்டிய மண் இன்றும் அப்படியே இருக்கிறது. அதன் எடை 2,80,000 பவுண்டு. ஆனால் கூரை அப்படியல்ல. அது பனியையும் பழுதுபார்க்க ஏறும் ஆட்களையும் தாங்கினால் போதும் என்று கணக்கிட்டுப் போட்டது. அதன்மேல் வீடு கட்ட வேண்டுமானால் பழைய மர உத்திரங்களை நம்பாமல், இரு பக்கத்துச் செங்கற்சுவர்களின் மேல் எஃகு உத்திரங்களைப் படுக்கவைத்து, புதிய சுமையை நேரே அந்தச் சுவர்களுக்கு இறக்க வேண்டும். அந்தச் சுவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்துக்கும் பொதுவானவை. எனவே அண்டை வீட்டாரின் சுவரில் விரிசல் அளக்கும் கருவிகளைப் பொருத்தாமல் வேலையைத் தொடங்குவது தவறு.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். வீடு மட்டும் மேலே போவதில்லை. மின்தூக்கியின் இயந்திர அறை, படிக்கட்டின் மூடுகூண்டு, குளிரூட்டிகள், சில இடங்களில் மர நீர்த்தொட்டி ஆகியவையும் அதற்கேற்ப உயர்கின்றன. வீட்டைப் பின்னுக்குத் தள்ளி மறைத்துவிட்டு, மின்தூக்கிக் கூண்டு வானத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருப்பதை நான் பல வரைபடங்களில் கண்டிருக்கிறேன். பொதுவாக, தெருவிலிருந்து தெரியாத சிறு கட்டுமானத்தை மரபுச் சின்னப் பாதுகாப்பு ஆணையத்தின் ஊழியர்களே அனுமதிக்கலாம். தெரியும் என்றால் ஆணையர்கள் முன் பொது விசாரணை நடக்கும். ஆகவே அந்த ஆரஞ்சு வலை வீட்டின் உயரத்துக்கு மட்டும் கட்டப்பட்டிருக்கிறதா, கூண்டின் உயரத்துக்கும் சேர்த்தா என்பதை மெர்சர்வாசி முதலில் பார்க்க வேண்டும்.

சதங்கை:
1980-களில் கிரீன் தெருவில் ஒரு மூன்றாம் தள லாஃப்டில் எங்கள் பரதநாட்டியக் குழு பயிற்சி செய்தது. ஏறத்தாழ 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட அந்த மரத்தளத்தில், பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் அலாரிப்பு ஆடலாம். அடவு மிதிக்கும்போது பலகை சற்றே உள்வாங்கி மீளும். அதனால் முழங்கால் வலி குறைவு. சிமென்ட் தரையில் ஆடி வளர்ந்தவர்களுக்கு அது பெரிய வரம். கீழ்த்தளத்தில் ஒரு பெட்டி தயாரிக்கும் கூடம் இருந்ததால் எங்கள் ஓசையை யாரும் குறை சொன்னதில்லை; அவர்களுடைய ஓசையை நாங்களும் சொன்னதில்லை. பின்னர் உரிமையாளர் வாடகையை இருமடங்காக்கியபோது நாங்கள் குயின்ஸ் பகுதிக்குப் போய்விட்டோம். பென்ட்ஹவுஸ் முகப்பைக் காப்பாற்றும் என்றே வைத்துக்கொள்வோம். மேலே அத்தனை விலை கொடுத்து உறங்குபவர், கீழே காலை ஆறு மணிக்குத் தட்டுக்கழி ஒலிப்பதைப் பொறுத்துக்கொள்வாரா என்று கணக்காயர் சொல்ல வேண்டும்.

கணக்காயர்:
பொறுத்துக்கொள்ள மாட்டார், அம்மா. அதை மறுத்துப் பேச என்னால் முடியாது.

ஆனால் கலைஞர்களும் இந்தத் தளங்களின் முதல் குடிகள் அல்லர். 1963-ல் நகரத் திட்ட வல்லுநர் செஸ்டர் ராப்கின் நகரத் திட்டக் குழுவுக்காகத் தந்த அறிக்கை, தீவிபத்துகளால் அவப்பெயர் பெற்றிருந்த இந்தப் பகுதியில் சிறுதொழிற்கூடங்கள் உயிரோடு இருக்கின்றன, கறுப்பினத்தவரும் புவெர்ட்டோ ரிக்கோ மக்களும் அவற்றில் பிழைக்கிறார்கள், ஆகவே இடிக்க வேண்டாம் என்று வாதாடியது. உங்கள் கீழ்த்தளத்துப் பெட்டிக்கூடம் அந்த உலகத்தின் மிச்சம். அவர்கள் போனபோது எந்தச் சட்டமும் அவர்களுக்குச் சான்றிதழ் தரவில்லை. ஒரு தலைமுறை வந்தவுடன் கதவைச் சாத்திவிட்டு, இனி மாற்றமே கூடாது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2021 டிசம்பரில் மாநகர மன்றம் விதிகளை மீண்டும் திருத்தியதும் அதனால்தான். கலைஞர் தளத்தைச் சாதாரண வீடாக மாற்றுபவர் சதுர அடிக்கு 100 டாலர் கலை நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அப்போது வைத்தார்கள். சதங்கை அம்மா சொன்ன அளவுள்ள தளத்துக்கு அது 2,50,000 டாலர் ஆகும்.

மெர்சர்வாசி:
அந்தக் கட்டணத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில், பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்து முதுமையடைந்தவர்களின் குரலும் இருந்தது. வீடு விற்றால்தான் கையில் பணம் என்ற நிலையில் இருக்கும் ஓவியரும், கோடிகளில் வாங்க வருபவரும் ஒரே கட்டணம் கட்டுவது எப்படிச் சரியாகும்? ஆயினும் ராப்கின் அறிக்கையைப் பற்றிக் கணக்காயர் சொன்னது என்னை நிறுத்தியது. என் முதல் பதிவில் அந்தத் தொழிலாளர்கள் ஒரு வரியில்கூட இல்லை. தளங்கள் தாமாகவே காலியானவை போல எழுதிவிட்டேன். அது என் பிழை.

இன்று காலை கட்டுமானன் சொன்னபடி தெருவின் எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்த்தேன். கட்டடத்துக்கு நேர் எதிரே வலை தெரியவில்லை. தெற்கே சிறிது நடந்து புரூம் தெரு முனையில் நின்று திரும்பினால், முகப்பின் உச்சிக் கொடுங்கைக்கு மேல் வலையின் மேற்பகுதி தெளிவாகத் தெரிகிறது. மின்தூக்கிக் கூண்டுக்குத் தனி வலை எதுவும் இல்லை.

கட்டுமானன்:
அப்படியென்றால் தெரியக்கூடிய உயரம் இன்னும் முழுமையாகக் காட்டப்படவில்லை. நீங்கள் நின்ற இடத்தைக் குறித்து, கண்ணின் உயரத்தில் கேமராவை வைத்து, பெரிதாக்காமல் படம் எடுத்துச் செல்லுங்கள். விசாரணையில் உங்களுக்கு மூன்று நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்தப் படமும் கூண்டுக்கு வலை இல்லை என்ற ஒரு வாக்கியமும் போதும்.

கணக்காயர்:
முகப்புப் பழுதுபார்ப்பு எந்தத் தேதிக்குள் முடியும், வீடு விற்பதற்கு முன்பா பின்பா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டை ஆதரிப்பவனாக நானும் அன்று வருகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் என் ஆதரவைச் சொல்ல மாட்டேன்.