பாட்டு, ஆட்டம், படிப்பு: சிறு குழந்தைகளிடம் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

மழலையர் வகுப்பு ஆசிரியை:

"பாட்டும் ஆட்டமும் இருக்கட்டும், பாடம் எப்போது தொடங்கும்?" பெற்றோர் கூட்டம் எதிலும் இந்தக் கேள்வி தவறியதில்லை. பாடம் ஏற்கெனவே நடக்கிறது என்றால் நம்புவோர் குறைவு. அதனால் ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். தாளம் ஒலிக்கும்வரை ஆட வேண்டும். நின்றதும் சிலையாகிவிட வேண்டும். பழகிய பிறகு விதியைத் தலைகீழாக்குவேன்: வேகமான தாளத்துக்கு மெல்ல நட, மெதுவான தாளத்துக்கு ஓடு. உடல் ஒன்றைச் செய்யத் துடிக்கும்போது அதை அடக்கி வேறொன்றைச் செய்வது நான்கு வயதில் எளிதல்ல.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வரிசையில் நிற்க மாட்டான்; யார் பேசினாலும் குறுக்கிடுவான். கண்டிப்பும் பலிக்கவில்லை, கெஞ்சலும் பலிக்கவில்லை. ஆனால் சிலையாவதில் அவனுக்கு அப்படியொரு வெறி! ஒற்றைக் காலில் நின்றபடி மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வான். சில மாதங்கள் கழித்து, கதை நேரத்தில் தன் முறை வரும்வரை வாயைக் கையால் பொத்திக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினான். அந்த விளையாட்டு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வயதும் ஏறியிருந்தது. ஆனாலும் பொறுத்திருப்பதை அவன் விரும்பிச் செய்த முதல் இடம் அதுதான்.

ஒரு தந்தை:

என் மகள் 1 முதல் 20 வரை ராகம் போட்டுப் பாடுவாள். கேட்டவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். ஐந்து மரக்கட்டைகளைக் கொடுத்து எண்ணச் சொன்னால் எட்டு என்றாள். விரல் ஒரு வேகத்தில் போனது, பாட்டு இன்னொரு வேகத்தில் ஓடியது. எண்களின் வரிசை மனப்பாடமாகியிருந்தது. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது இன்னும் பிடிபடவில்லை.

என் மனைவி அந்தப் பாட்டைக் காலுக்கு இறக்கினாள். மாடிப்படி ஏறும்போது ஒரு படிக்கு ஓர் எண். பாதம் பதியும்வரை அடுத்த எண் வாயிலிருந்து வரக் கூடாது. படி தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது. பிறகு தாவல், அதன் பிறகு கைத்தட்டல், கடைசியாகத்தான் விரல். இப்போது கட்டைகளைச் சரியாக எண்ணுகிறாள், எண்ணுக்கு ஒரு முறை தோளைக் குலுக்கிக்கொண்டு. அந்தக் குலுக்கலைத் திருத்த வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பேச்சுச் சிகிச்சையாளர்:

நீங்கள் படியில் செய்ததை நான் சொல்லில் செய்கிறேன். பெரியவர்கள் பேசும்போது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. பாட்டில் உயிரொலிகள் நீள்கின்றன, அசைகள் விலகி நிற்கின்றன, ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. தாமதமாகப் பேசும் குழந்தைக்கு இவை மூன்றுமே உதவி. வண்-ணத்-துப்-பூச்-சி என்று ஐந்து தட்டுத் தட்டிய குழந்தை, சொல்லுக்குள் துண்டுகள் இருப்பதைக் கையால் உணர்ந்துவிடுகிறது. பின்னாளில் எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது அதே துண்டுகளைத்தான் அது தேட வேண்டும்.

எதுகையும் மோனையும் அலங்காரம் மட்டுமல்ல. லினெட் பிராட்லி, பீட்டர் பிரயன்ட் இருவரும் 1983-இல் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வில், 4, 5 வயதில் ஒத்த ஒலிகளைப் பிரித்தறிந்த குழந்தைகள் பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னேறியிருந்தார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: தெரிந்த பாட்டின் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்திவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். நாம் நினைப்பதைவிட நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். பல பெற்றோரால் முடியாதது இதுதான். அவசரப்பட்டுத் தாங்களே பாடிவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமி கேள்விகளுக்குத் தலையை மட்டும் ஆட்டுவாள். நான் விட்ட இடத்தில் ஒருநாள் அந்தச் சொல்லை உரக்கப் போட்டாள். போட்டுவிட்டு, நான் அடுத்த வரியை மறந்துவிட்டேனோ என்பதுபோல் முறைத்தாள்.

இரண்டு குழந்தைகளின் தாய்:

நல்ல அனுபவங்கள். ஆனால் "இசை கேட்டால் அறிவு வளரும்" என்ற விளம்பரத்தை யாராவது இங்கே சேர்ப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் கருவுற்றிருந்தபோது மொசார்ட் இசைத்தட்டுகளைப் பரிசளித்தவர்கள் பலர். அந்த நம்பிக்கையின் வேர் 1993-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. அதில் இசை கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை. வடிவங்களை மனத்தில் கற்பனை செய்து விடை காணும் புதிர்களில் அவர்களுக்குக் கிடைத்த சிறு முன்னேற்றமும் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. அதை வைத்துக்கொண்டு 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்டார்!

முறையாகக் கற்பதன் கதையும் நேர்கோடாக இல்லை. கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு இசை பயின்ற 6 வயதுக் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சற்றே கூடியது. 2013-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 4 வயதுக் குழந்தைகளுக்குச் சில வாரங்கள் இசை வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். அறிவுத்திறனில் நம்பத்தக்க பலன் தெரியவில்லை. மேலே எழுதியவர்கள் யாரும் குழந்தையை உட்கார வைத்து இசை கேட்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் இசைத்தட்டு ஓடும்போது குழந்தைகள் தூங்கினார்கள். அதுவும் எனக்கு லாபம்தான்.

நடன ஆசிரியை:

இசைத்தட்டுக்கு என்னிடமும் ஒரு புகார் உண்டு: அது குழந்தைக்காக நிற்காது. சிறு குழந்தையின் இயல்பான நடை நம்முடையதைவிட விரைவானது. நம் வேகத்துக்கு ஆடச் சொல்லிவிட்டு, தாளம் வரவில்லை என்கிறோம். நான் முதலில் குழந்தையை நடக்கவிட்டு, அந்த நடைக்குப் பறையை ஒத்துத் தட்டுவேன். தன் காலுக்குத்தான் ஒலி வருகிறது என்று கண்டுகொண்டதும் முகம் மலரும். வேண்டுமென்றே நிற்கும், ஓடும், என்னைச் சோதிக்கும். அதன் பிறகே நான் வேகத்தை மெல்ல மாற்றுவேன், அது என்னைப் பின்தொடரும். நடையிலிருந்து தாளத்தைத் தொடங்கலாம் என்பது, ஜெனீவாவில் ஆசிரியராக இருந்த எமில் ஜாக்-டால்க்ரோஸ் நூறாண்டுகளுக்கு முன்பே தன் இசைக்கல்வியில் காட்டிய வழி.

இருவராகச் சேர்ந்து ஆடுவதை விட்டுவிடாதீர்கள். கிர்ஷ்னரும் டோமசெல்லோவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 4 வயதுக் குழந்தைகளில் சில இணைகள் சேர்ந்து பாடி ஆடின, சில இணைகள் பாட்டில்லாமல் அதே விளையாட்டை ஆடின. பிறகு ஒருவரின் கையிலிருந்த கோலிகள் சிதறியபோது, பாடி ஆடிய குழந்தைகளே அதிகமாக உதவ முன்வந்தார்கள். என் வகுப்பிலும் கைகோத்து ஆடிய அன்று காலணிச் சண்டை குறைவு.

இதையெல்லாம் கெடுப்பது ஆண்டு விழா ஒத்திகை. ஒரே நான்கு நிமிடப் பாட்டை வாரக்கணக்கில் ஆடவைத்து, பிசகியவளைப் பின்வரிசைக்குத் தள்ளினால் குழந்தை கற்பது பயத்தை மட்டும்தான்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:

ஆண்டு விழா பற்றிச் சொன்னதை எங்கள் பள்ளி நிர்வாகத்திடம் படித்துக் காட்டப்போகிறேன். இன்னொரு வகைக் குழந்தைகளை யாரும் குறிப்பிடவில்லை: சேராமல் ஓரமாக நிற்பவர்கள். சிலருக்கு ஒலியே வலி, காதைப் பொத்துவார்கள். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வாயால் பாடினாலே அவர்களில் பாதிப் பேர் நெருங்கி வருவார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வகுப்பில் விரலைக்கூட அசைக்காத குழந்தை, எல்லாப் பாட்டையும் அசைவுகளோடு தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறது என்று வீட்டார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் கையைப் பிடித்து நடுவே இழுக்காதீர்கள். பாட்டை எப்போது நிறுத்துவது என்று சைகை காட்டும் வேலையைக் கொடுங்கள். ஓரத்தில் நின்றே செய்யலாம்.