புதுப்பிப்பு: அம்மாவின் காது ஆபரேஷன் முடிந்தது, வாந்தி ஒரே தடவைதான்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அம்மாவுக்குச் செவிப்பறை ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன், முன்பு பித்தப்பை எடுத்தபோது ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தவர், இந்தத் தடவை எப்படித் தடுப்பது என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடியே மயக்க மருத்துவரிடம் பழைய கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பஸ்ல போனா வாந்தி வருமாம்மா?" அம்மா சிரித்துவிட்டார். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் கொடைக்கானல் பஸ் ஏறாதவர். பெண், புகைப்பழக்கம் இல்லை, முன்பே வாந்தி எடுத்தவர், ஆபரேஷனுக்குப் பின் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) வலி மருந்து: நான்கும் சேர்ந்தால் பத்தில் எட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வந்துவிடுமாம். போதாக்குறைக்கு, உடம்பின் சமநிலையைப் பார்க்கும் உறுப்பும் உள்காதில்தான் இருக்கிறது.

அதனால் வாந்தியைத் தடுக்க ஒரே மருந்தை நம்பவில்லை. மயக்கம் கொடுத்ததும் டெக்ஸாமெத்தசோன், முடியும் நேரத்தில் ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம். வாயு மயக்கத்துக்குப் பதில் ரத்தக்குழாய் வழியே புரோபோஃபால். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கிடையவே கிடையாது. நடுக்காதில் அழுத்தத்தைக் கூட்டி, ஓட்டையை அடைக்க வைத்த ஒட்டுத் திசுவையே நகர்த்திவிடும் என்றார். (சுகர் இருப்பவர்கள் கவனிக்க: டெக்ஸாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். அம்மாவுக்கு மறுநாள் காலை 240.)

சாயங்காலம் தலையைச் சட்டென்று திருப்பியதில் ஒரு தடவை வாந்தி. ஒண்டான்செட்ரானையே திரும்பத் தராமல் வேறு வகை ஊசி போட்டார்கள். எட்டு மணிக்கு ஒன்றரை இட்லி இறங்கியது. அப்புறம் மூன்று நாள் மலச்சிக்கல், அதற்கும் ஒண்டான்செட்ரானும் ஓபியாய்டு வலி மருந்தும்தான் காரணமாம்.