அரைப் புள்ளி போதும்னு இருக்கும்போது டிராகன் ஆடலாமா?

செந்தூல் யானை:
ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் செஸ் போட்டியில கடைசிச் சுற்று. அக்கா மகனுக்குக் கறுப்புக் காய். டிரா பண்ணியிருந்தாலே வயசுப் பிரிவுப் பரிசு கையில. கறுப்புக்கு ரிஸ்க்கான ஓப்பனிங் சிசிலியன் டிராகன், அதைத்தான் ஆடுவேன்னு அடம் பிடிச்சு 27 மூவில் தோத்துட்டான். எதிராளி ராஜாவை ராணிப் பக்கம் ஒதுக்கி கேஸ்லிங் பண்ணிட்டு ஹெச் சிப்பாயைத் தள்ளிக்கிட்டே வந்தான். பத்திரமான காரோ-கான் ஓப்பனிங் ஆடுடான்னு கோச் சொல்லியிருக்க வேணாமா?

பட்டர்வொர்த் மந்திரி:
அண்ணே, 1995 நியூயார்க்ல ஆனந்த், காஸ்பரோவ் 10 ஆட்டம் முடிஞ்சு 5-5. உலகப் பட்டத்துக்கான மோதல். 11வதுல கறுப்புல டிராகன் எடுத்து ஜெயிச்சாரு காஸ்பரோவ், 13வதுலயும் அதுவேதான். அவருக்கு டிரா வேணாமா என்ன?

செந்தூல் யானை:
அவர் ஆனந்துக்கு அதிர்ச்சி குடுக்க எடுத்தாரு. இவன் வாராவாரம் இதையே ஆடுறான். எதிராளிப் பையன் முதல் 15 மூவுக்குத் தலை நிமிரவே இல்ல, வீட்டுல மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்.

பினாங்குத் தாத்தா:
ஸ்கோர்ஷீட் படம் அனுப்பினதுக்கு நன்றி. இது 1974 மாஸ்கோவுல கார்ப்போவ், கோர்ச்னாயை 27 மூவில் முடிச்ச ஆட்டம்பா, மூவுக்கு மூவ்! நம்ம பையன் ராஜாவைக் காத்த ஜி7 மந்திரியை வெட்டுக்கு வெட்டு மாத்திட்டான், வெள்ளை ராணி ஹெச்6ல வந்து உட்கார்ந்தாச்சு. அப்பவும் இவன் ரெண்டு யானையையும் சி வரிசையில அடுக்குறான். வெள்ளை ஜி5 சிப்பாயைக் காட்டினதும் யானையால கொத்தினான். அடுத்து டி5ல வெள்ளை யானை. அஞ்சாவது வரிசையே அடைச்சுப் போச்சு, கறுப்பு ராணி உதவிக்கு வர வழியில்ல.

பட்டர்வொர்த் மந்திரி:
அப்போ தப்பு டிராகன் மேல இல்லையே! 12வது மூவுல குதிரையைச் சி4க்கு அனுப்பாம சிப்பாயை ஹெச்5ல வச்சிருந்தா, அதுக்குப் பேரு சோல்டிஸ் வழி, வெள்ளையோட ஹெச் சிப்பாய் அவ்வளவு சுலபமா வந்திருக்காது. பையன் படிக்கல, அவ்ளோதான்.

செந்தூல் யானை:
அதைத்தான் நானும் சொல்றேன் தம்பி. பரீட்சை வச்சிருக்கிற பையன், 12வது மூவுலயே பழைய ஆட்டம் ஒண்ணு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிற ஓப்பனிங்கை ஏன் கட்டிக்கிட்டு அழணும்?

பினாங்குத் தாத்தா:
டிராவுக்கு ஆடித் தோத்தவங்களையும் நிறையப் பார்த்திருக்கேன்லா. அவங்க காரோ-கானைத் திட்டுவாங்க.

செந்தூல் யானை:
அடுத்த மாசம் பினாங்குப் போட்டியிலயும் டிராகன்தானாம்.

பட்டர்வொர்த் மந்திரி:
வரட்டும், நானும் பேரு குடுத்திருக்கேன். எனக்கு வெள்ளை விழுந்தா ஹெச்4தான்.